கேஸ் தான் மாப்ள

போன மாசம் என் நண்பன் போய்ட்டான். 36 வயசு. ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்ச். சொந்தக் கதை எழுதுறேன், பொறுத்துக்கோங்க. கடைசியில் மருத்துவமும் இருக்கு.

நான் எம்பிபிஎஸ் சேர்ந்த வருஷம் அவன் அப்பாவோடு காய்கறி வியாபாரத்துக்குப் போய்ட்டான். முதல் வருஷம் அனாட்டமியில் நான் ஃபெயில். ஹாஸ்டலுக்கு டிவிஎஸ் 50-ல் வந்து, விளக்குத்தூண் பக்கம் கூட்டிட்டுப் போய் ஜிகர்தண்டா வாங்கிக் கொடுத்தான். "எலும்ப எண்ணத் தெரியலேன்னா என்ன மாப்ள, மாட்டுத்தாவணிக்கு வா, தக்காளிப் பெட்டி எண்ணலாம்"னு சொன்னான். அழுதுட்டு இருந்தவன் சிரிச்சுட்டேன்.

அன்னைக்கு ராத்திரி 11.20-க்கு வாட்ஸ்அப் வந்தது. "மாப்ள, பரோட்டா செமிக்கல போல. நெஞ்சு கரிக்குது."

நான் நைட் டியூட்டியில். விஷம் குடிச்சு வந்த ஒருத்தருக்கு வயிறு கழுவிட்டு அப்பத்தான் வெளியே வந்தேன். "கேஸ் தான் மாப்ள. மாத்திரை போட்டுட்டுப் படு. காலைல வா, ஈசிஜி எடுத்துரலாம்."

கட்டைவிரல் படம் ஒன்று அனுப்பினான்.

காலை 5 மணிக்கு அவன் தம்பி கூப்பிட்டான். "அண்ணே, அண்ணன் எந்திரிக்க மாட்டேங்குது."

மாரடைப்பாகத்தான் இருக்கணும். அறுத்துப் பார்க்க வீட்டில் சம்மதிக்கலை.

சாவு வீட்டில் எல்லோருக்கும் ஒரு இடம் இருக்கு. பங்காளிகள் பாடை கட்டினாங்க. மாமன் மச்சான் கோடி போட்டாங்க. ஒன்பது வயசு மகன் தத்தனேரியில் கொள்ளி வச்சான். எனக்கு சாமியானா ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. மறுநாள் டியூட்டிக்குப் போய்ட்டேன். நண்பன் சாவுக்கு யார் லீவு தருவா?

கோப்பெருஞ்சோழன் மகன்களோடு பகை வந்து, உண்ணாமல் வடக்கிருந்து உயிரை விட்டதும், பாண்டிய நாட்டுப் பிசிராந்தையார் நேரில் பார்த்தே இராத அந்த நண்பனுக்காக வந்து கூடவே உட்கார்ந்ததும் பள்ளியில் படிச்சிருப்பீங்க. எனக்கு இப்போ நினைவில் நிற்பவர் பொத்தியார். "உன் மனைவிக்குப் பிள்ளை பிறந்த பிறகு வா" என்று சோழன் அவரைத் திருப்பி அனுப்பிட்டான். அவன் இல்லாத உறையூர் மன்றத்தைப் பார்த்து அவர் அழுவது புறநானூறு 220. பல வருஷம் சோறு ஊட்டி வளர்த்த யானை போன பிறகு, அது நின்ற கூடத்தைப் பார்த்து அழும் பாகன் மாதிரி அழுதேன் என்கிறார். 222-ல் நேரே நடுகல்லிடம் போய்க் கேட்கிறார்: எனக்கான இடம் எது?

மாட்டுத்தாவணியைத் தாண்டும்போதெல்லாம் எனக்கும் அதே கேள்விதான்.

16ஆம் நாள் காரியத்தில் அவன் மனைவி தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள். "அவரு போன்ல உங்க மெசேஜப் பாத்தேன்ணே." எனக்குக் கால் நடுங்கிருச்சு. "அதப் படிச்சுட்டு, டாக்டரே சொல்லிட்டான்னு நிம்மதியாத் தூங்குனாரு. நீங்க மனசப் போட்டு வருத்திக்காதீங்க."

ஆறுதலாகத்தான் சொன்னாள். அந்த நிம்மதியைக் கொடுத்தவன் நான்தான். அது என்னோடயே இருக்கும்.

இனி மருத்துவம்.

நெஞ்செரிச்சல், ஏப்பம், மேல்வயிற்று வலி என்றும் மாரடைப்பு வரும். கூடவே வியர்வை, மூச்சு வாங்குதல், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி இருந்தால் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்கக் கூடாது. முப்பதுகளிலும் வரும். வாயுவா இதயமா என்று போனில் பிரிக்க முடியாது, டாக்டராலும் முடியாது. ஈசிஜி எடுக்கணும். முதல் ஈசிஜி நார்மல் என்றாலும் வலி நின்றபாடில்லை என்றால் திரும்ப எடுக்கணும்.

2023 முதல் தமிழ்நாட்டு ஆரம்ப சுகாதார நிலையங்களில் 'இதயம் காப்போம்' திட்டம் இருக்கு. மாரடைப்பு என்று தெரிந்தால் ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரல் 4, அட்டோர்வாஸ்டாடின் 8 என 14 மாத்திரைகளை அங்கேயே கொடுத்து, மேல் சிகிச்சைக்கு அனுப்புவாங்க. நீங்களாகப் போட்டுக்காதீங்க. 108-ஐ கூப்பிடுங்க.

உங்க நண்பன் ராத்திரி "நெஞ்சு கரிக்குது மாப்ள"ன்னா பதில் டைப் பண்ணாதீங்க. வண்டியை எடுத்துட்டுப் போங்க. பரோட்டாதான் காரணம்னு தெரிஞ்சா, ரெண்டு பேரும் சிரிச்சுட்டே வீட்டுக்கு வரலாம்.