மூன்று துணி போதும் என்றிருந்த பன்னி

குறைந்த உடுப்புகளை மாற்றி மாற்றி உடுத்தி எல்லா வேளைக்கும் சமாளிப்பது நகரங்களில் இன்று ஒரு நாகரிகம். 'கேப்ஸ்யூல் வார்ட்ரோப்' என்று அதற்குப் பெயர். குஜராத்தின் கட்ச் மாவட்டத்தில், பூஜ் நகருக்கு வடக்கே உப்பு ரண் வரை விரிந்து கிடக்கும் பன்னி புல்வெளியில், எருமை மேய்க்கும் மால்தாரிகள் பெயர் எதுவும் வைக்காமலே அதைச் செய்துவந்தார்கள்.

அவர்களுக்குத் தேவைப்பட்டது இரண்டு மூன்று அஜ்ரக் துணிகள். நீலமும் கருஞ்சிவப்பும் கலந்த, மரக்கட்டையால் அச்சிட்ட பருத்தித் துணி. ஒன்று இடுப்பில், ஒன்று தலைப்பாகையாக, இன்னொன்று தோளில். பகலில் வெயிலைத் தடுத்தது குளிர்கால இரவில் போர்வையாகும். புல் தீர்ந்து இடம் பெயரும்போது அதுவே மூட்டை. கட்டித் தொங்கவிட்டால் குழந்தைக்குத் தூளி. தரையில் விரித்தால் தொழுகைக்கும் ஆகும். நம் ஊர்த் துண்டு செய்யாத வேலையா என்று கேட்கலாம். நியாயம்தான். ஆனால் நம் துண்டுக்கு இத்தனை அலங்காரம் கிடையாது.

உயர்ந்த ரக அஜ்ரக்கில் உள்பக்கம், வெளிப்பக்கம் என்பதே இல்லை. ஒரு பக்கத்துக் கோலம் மறுபக்கத்திலும் இம்மி விலகாமல் விழும்படி இரு புறமும் அச்சிடுகிறார்கள். விடியுமுன் இருட்டில் எழுந்து மாட்டின் பின்னால் போகிறவர் எந்தப் பக்கம் என்று பார்க்க வேண்டாமே என்று காரணம் சொல்வதுண்டு. அடர்ந்த நிறமாதலால் அழுக்கும் எளிதில் தெரியாது.

இந்த எளிமைக்குப் பின்னால் இருக்கும் வேலை எளிமையானதல்ல. ஆமணக்கு எண்ணெய், சோடா, ஒட்டகச் சாணம் கலந்த கரைசலில் துணியை ஊறவைத்து அலசி, கடுக்காய்த் தண்ணீரில் தோய்க்கிறார்கள். நிறம் ஏறக்கூடாத இடத்தில் சுண்ணாம்பும் பிசினும். கறுப்புக்குப் பழைய இரும்பையும் வெல்லத்தையும் ஊறவைத்த நீர், புளியங்கொட்டை மாவு சேர்த்துக் காய்ச்சியது. சிவப்புக்குப் படிகாரம், நீலத்துக்கு அவுரித் தொட்டி. நடுநடுவே ஓடும் நீரில் அலசல், வெயிலில் உலர்த்தல். பாதி சமையலறை, பாதி நாட்டு மருந்துக் கடை. ஒரு துணி முடிய வாரக்கணக்கில் ஆகிறது.

எல்லாவற்றுக்கும் ஆதாரம் தண்ணீர். கத்ரி சமூகத்து அச்சுக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகத் தமட்கா கிராமத்தில் ஆற்றை நம்பித்தான் இருந்தார்கள். 2001 ஜனவரி 26-ம் தேதி பூகம்பம் ஊரைத் தரைமட்டமாக்கியது. அதன்பின் நீரில் இரும்புச் சத்து கூடிவிட்டது. இரும்பு பட்டால் சிவப்பு மங்கி, நிறமெல்லாம் கறுக்கும். பல குடும்பங்கள் பூஜ் அருகே நிலம் வாங்கிப் புது ஊர் அமைத்தன. தொழிலின் பெயரையே ஊருக்கு வைத்தார்கள்: அஜ்ரக்பூர். சிலர் தமட்காவிலேயே தங்கிவிட்டார்கள்.

பூகம்பத்துக்கு முன்பே வேறொன்று நடந்துவிட்டது. மலிவான மில் துணியும் பாலியெஸ்டரும் வந்ததும் மால்தாரிகள் அதற்கு மாறினார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. சீக்கிரம் உலர்கிறது, எளிதில் கிழிவதில்லை, விலையும் குறைவு. 1970களில் முகமது சித்திக் கத்ரி இயற்கைச் சாயத்தை மீண்டும் கையில் எடுத்தபோது, அதை வாங்க முன்வந்தது நகரம்தான். 2024-ல் கட்ச் அஜ்ரக்குக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. தொழில் பிழைத்தது, வாடிக்கையாளர் மாறிவிட்டார். மூன்றே துணி வைத்திருந்தவரின் துணி, இன்று புடவையும் துப்பட்டாவும் மெத்தை உறையுமாக, நாற்பது உடுப்புள்ள பீரோவில் நாற்பத்தொன்றாவதாகப் போய்ச் சேர்கிறது.

நவம்பர் முதல் பிப்ரவரி வரை கட்ச் போக ஏற்ற காலம். பகலில் சட்டை போதும், இரவில் குளிரும். கனத்த கம்பளியைச் சுமப்பதைவிட அஜ்ரக்பூரில் பருத்தித் துணி ஒன்று வாங்கித் தோளில் போட்டுக்கொள்ளலாம். வாங்குமுன் திருப்பிப் பாருங்கள். அடுக்கி வைத்திருப்பதில் பெரும்பாலும் ஒரு பக்க அச்சுதான். இரு பக்கமும் வேண்டுமென்றால் கேட்க வேண்டும்; உழைப்பு இரட்டிப்பு என்பதால் விலையும் கூட.