லீவு கேட்ட நந்தன்... ஸ்டைலை மாற்றிய பாரதி!

ஒரு பாடகர் புது ஆல்பத்தில் ஸ்டைலை மாற்றினால் போதும், 'பழைய மாதிரி இல்லையே' என்று முகம் சுளிக்க ஒரு கூட்டம் வந்துவிடும். தானே எழுதி, மெட்டமைத்து, தானே பாடிய கோபாலகிருஷ்ண பாரதிக்கு 19-ம் நூற்றாண்டிலேயே இது நடந்தது.

பாரதி சாதாரணப் பாடகர் அல்ல. கர்நாடக சங்கீதத்தோடு இந்துஸ்தானியும் கற்றவர். திருவையாற்றில் தியாகராஜர் முன்பாக ஆபோகி ராகத்தில் சொந்தக் கீர்த்தனை பாடியவர். அப்படிப்பட்டவர் 'நந்தனார் சரித்திர'த்தில் கனமான கீர்த்தனைகளுக்கு நடுவே சிந்து, கண்ணி போன்ற எளிய மெட்டுகளையும், தெருவில் பேசும் தமிழையும் சேர்த்தார்.

காரணம், கதை அப்படி. நந்தன், கொள்ளிடக்கரை ஆதனூரில் வாழ்ந்த ஒடுக்கப்பட்ட சாதிக்காரர். இன்றைய கடலூர் மாவட்டத்தில் இருக்கும் சிதம்பரத்துக்குப் போய் நடராஜரைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் ஆசை. பெரியபுராணம் இதை 37 பாடல்களில் சொல்கிறது. அதில் இல்லாத பண்ணையாரை பாரதிதான் கொண்டுவந்தார். லீவு கேட்கும் கூலியாள், விட மறுக்கும் முதலாளி! கேட்டவர்களுக்கு அது தங்கள் கதையாகவே பட்டது. தீயில் இறங்கிய பிறகே நந்தனுக்குக் கோயில் திறந்தது என்ற முடிவு, இன்றும் நெஞ்சை அறுக்கும்.

புலவர்களுக்கு இது எளிதில் பிடித்துவிடவில்லை. நூலுக்குச் சிறப்புப் பாயிரம் கேட்டு மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பலமுறை நடந்தார் பாரதி. இலக்கணப் பிழைகள் இருந்ததால் பிள்ளை தட்டிக்கழித்தார். ஒருநாள் அவர் உள்ளே ஓய்வெடுக்க, திண்ணையில் காத்திருந்த பாரதி, தன்னை மறந்து தில்லை தரிசனத்துக்கு ஏங்கும் பாட்டைப் பாடினார். கேட்ட பிள்ளை உருகிப்போனார். பாயிரம் கிடைத்தது. பிள்ளையின் மாணவர் உ.வே.சாமிநாதையர் பதிவுசெய்த சம்பவம் இது.

காரைக்காலில் இருந்த பிரெஞ்சு அதிகாரி சிசே ஆர்வம் காட்ட, 1860-களின் தொடக்கத்தில் நூல் அச்சேறியது. பிறகு நந்தன் கதை சினிமாவுக்கும் போனது. 1935-ல் கே.பி.சுந்தராம்பாளும், 1942-ல் எம்.எம்.தண்டபாணி தேசிகரும் நந்தனாக நடித்தார்கள். தேசிகர் பின்னாளில் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இசைத்துறைத் தலைவரானார். வாசலில் நின்று ஏங்கும் நந்தனாகப் பாடியவர், அதே ஊரில் பலருக்குப் பாட்டு வாத்தியார் ஆனார்!

உங்களுக்குப் பிடித்த பாடகரும் ரூட்டை மாற்றியிருக்கிறாரா? தீர்ப்பு சொல்வதற்கு முன், அவர் யாருடைய கதையைச் சொல்ல வருகிறார் என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். பிள்ளையே மனம் மாறினாரே!