தீட்டு

போர்ட் பிளேரில் மழை இரவு பகல் பாராமல் பெய்துகொண்டிருந்த ஒரு வாரம். தண்டனைக் குடியேற்றத்தின் வரலாற்றை ஆராய வந்த மாணவர் ஒருவர், வாடகை அறையில் அமர்ந்து புதிய சவரக்கத்தி ஒன்றைத் தீட்டிக்கொண்டிருந்தார். பிளேடு மாற்றும் வகையன்று. கைப்பிடிக்குள் மடங்கும் பழைய வகை, கரிம எஃகு. முன்கையில் வைத்து இழுத்துப் பார்த்தார். மயிர் வளைந்ததே தவிர அறுபடவில்லை. மூன்று இரவுகளின் உழைப்புக்கு அதுவே பயன்.

அவருடைய பாட்டனார் நெல்லைச் சீமையில் நாவிதர். கல்யாணமோ கருமாதியோ, அவர் வராமல் ஊரில் காரியம் தொடங்காது. காரியம் முடிந்தபின் அவர் அமர ஒரு திண்ணையும் கிடையாது. மகன் படித்து அரசு வேலைக்குப் போனார். பாட்டனாரின் அடைப்பம் பரணில் ஏறியது; சில ஆண்டுகளில் பரணிலும் இல்லாமல் போயிற்று. அந்தத் தொழிலின் பெயரை வீட்டில் எவரும் உச்சரித்ததில்லை. பேரன் காலனியப் பதிவுகளில் கைதி நாவிதர்களைப் பற்றிப் படித்தபோதுதான், தம் குடும்பத்தில் மூன்று தலைமுறைக்குள் ஒரு கைத்திறன் முற்றிலும் அழிந்துவிட்டது என்பது அவருக்கு உறைத்தது. கத்தி வாங்கியது அதன் பிறகு.

புதிய கத்தி கூராகவே வரும் என்று நம்புவது தொடக்கக்காரரின் முதற்பிழை. கடையிலிருந்து வரும் கத்திக்கு விளிம்பு இருக்கும். முகத்தில் வைக்கத்தக்க கூர் பெரும்பாலும் இராது. அழுத்தினால் விரைவில் கூர் ஏறும் என்று நினைப்பது இரண்டாம் பிழை. கடைவீதியில் முடிதிருத்தகம் நடத்தும் தமிழ்ப் பெரியவர் ஒருவரிடம் கத்தியைக் காட்டியபோது, அவர் அதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“அழுத்தாதீங்க தம்பி. கத்தி தன் கனத்துலேயே போகணும். முதுகும் வாயும் சேர்ந்து கல்லுல படணும். முதுகைத் தூக்குனா போச்சு.”

சவரக்கத்தியின் நுட்பம் முழுவதும் அந்த முதுகில் இருக்கிறது. அடுக்களைக் கத்தியைத் தீட்டுபவர் கோணத்தைக் கையால் பிடிக்க வேண்டும். சவரக்கத்திக்குக் கோணத்தை அதன் தடித்த முதுகே தருகிறது. முதுகையும் விளிம்பையும் ஒருசேரக் கல்லில் படிய வைத்தால் கோணம் தானே அமையும். கை செய்ய வேண்டியது அதைக் கெடுக்காமல் இருப்பது மட்டுமே. மாணவர் அன்றிரவு விளிம்பில் மார்க்கர் பேனாவால் மை தடவிக் கல்லில் இரண்டு முறை இழுத்தார். நடுவில் மை அழிந்தது. முனையிலும் அடியிலும் அப்படியே இருந்தது. கல்லையே படாத இடத்தை மூன்று இரவுகளாகத் தீட்டியிருக்கிறார். அதன்பின் கத்தியைச் சற்றுக் குறுக்காக, அடியிலிருந்து முனைவரை ஒவ்வொரு பகுதியும் கல்லைத் தொடுமாறு இழுக்கத் தொடங்கினார்.

1000 எண்ணுள்ள கல்லில் இரு சரிவுகளும் ஒரே கோட்டில் சந்திக்க வேண்டும். அது அமையாமல் 4000, 8000 என்று நுண்ணிய கற்களுக்குப் போவது, அடித்தளம் இல்லாத வீட்டுக்குச் சுண்ணாம்பு பூசுவதற்கு ஒப்பாகும். கல்லில் விளிம்பு முன்னே செல்லும். தோல்வாரில் முதுகு முன்னே செல்லும், விளிம்பு பின்தொடரும். திருப்பும்போது முதுகின் மீதே புரட்ட வேண்டும். மறந்து விளிம்பின் மீது புரட்டினால் தோல் அறுபடும். மாணவரின் தோல்வாரில் முதல் வாரத்திலேயே இரண்டு வெட்டுகள் விழுந்தன. வாரைத் தொய்வாகப் பிடித்தால் கூர் உருண்டுவிடும் என்பதையும் அவர் கெடுத்தே கற்றுக்கொண்டார்.

இத்தனைக்கும் காரணம் மயிர். எஃகு மயிரைவிட ஏறத்தாழ 50 மடங்கு கடினமானது. ஆயினும் மழிக்க மழிக்க எஃகுதான் மழுங்குகிறது. வளைந்து நிற்கும் மயிர், விளிம்பின் நுண்ணிய பலவீனங்களில் எஃகைச் சிறு சில்லுகளாகப் பெயர்க்கிறது என்பதை எம்ஐடி ஆய்வாளர்கள் 2020இல் ‘சயின்ஸ்’ இதழில் காட்டினர். அந்தமானில் இதனுடன் உப்புக்காற்றும் சேர்கிறது. துடைத்து எண்ணெய் தடவாமல் ஓரிரவு வைத்தால் காலையில் விளிம்பில் செம்புள்ளிகள்.

இதே தீவுகளின் பழங்குடியினர் இந்தச் சிக்கலை வேறு விதமாகத் தீர்த்திருந்தனர். 1880களில் எட்வர்ட் ஹொரேஸ் மேன் எழுதிய குறிப்புகளின்படி, அந்தமானியப் பெண்கள் படிகக்கல்லைச் சூடேற்றி, ஆறவிட்டு, உடைத்துச் சில்லெடுத்தனர். பின்னாளில் புட்டிக் கண்ணாடியிலும் எடுத்தனர். கூரான விளிம்புடையவை மழிக்க. முனையுடையவை தோலில் கீறிக் கோலமிட. ஒரு சில்லை ஒரு முறைக்கு மேல் பயன்படுத்துவதில்லை. கில்லெட் 1903இல் சந்தைக்குக் கொண்டுவந்த பயன்படுத்தி எறியும் பிளேடுக்குப் பின்னால் இருந்த எண்ணம், இங்கே அதற்கு முன்பே வாழ்ந்துகொண்டிருந்தது. ‘பின்தங்கிய’, ‘நவீன’ என்று ஆய்வுத் தாள்களில் எளிதாக எழுதப்படும் சொற்கள் இந்த இடத்தில் தடுமாறுகின்றன.

தீவுகளின் வரலாற்றில் பெயர் பதிந்த நாவிதர் ஒருவர் உண்டு: ஷேர் அலி அஃப்ரிடி. பெஷாவரில் கொலைக்குற்றத்துக்கு விதிக்கப்பட்ட மரண தண்டனை குறைக்கப்பட்டு நாடுகடத்தப்பட்டவர். நன்னடத்தையால் ஹோப் டவுனில் நாவிதராக வேலை பார்க்க அனுமதி பெற்றார். 1872 பிப்ரவரி 8ஆம் நாள் மாலை, அங்குள்ள படகுத்துறையில் வைஸ்ராய் மேயோவைக் குத்திக் கொன்றார். மார்ச் 11இல் வைப்பர் தீவில் தூக்கிலிடப்பட்டார். குத்தியது சவரக்கத்தியால் அன்று, அடுக்களைக் கத்தியால். வரலாறு அந்த ஒரு மாலையின் கத்தியை நினைவில் வைத்திருக்கிறது. அதற்கு முன் அவர் கைச் சவரக்கத்தியின் கீழ் அன்றாடம் கழுத்தை நீட்டிய மனிதர்களைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. நாவிதத் தொழிலின் மூலதனம் கூர் அன்று. அந்தக் கழுத்தை நீட்டுகின்ற நம்பிக்கை.

அப்படி ஊரெல்லாம் கழுத்தை ஒப்படைத்த கையைத்தான் ஊர் தீட்டு என்றது. கத்தியைத் தீட்டுகிறோம், ஓவியம் தீட்டுகிறோம், கண்ணுக்கு மை தீட்டுகிறோம், அரிசியையும் தீட்டுகிறோம். மெருகேற்றும் செயலுக்கும் விலக்கிவைக்கும் இழிவுக்கும் தமிழில் ஒரே ஒலி. சொற்பிறப்பு எதுவாயினும், ஒரு சமூகம் இவ்விரண்டையும் ஒரே மனிதர் மேல் சுமத்தி, அவர் பிள்ளைகளைத் தம் பாட்டன் தொழிலைச் சொல்லக் கூசவைத்தது.

பெரியவரின் கடையிலும் இப்போது மாற்று பிளேடுகள்தாம். எய்ட்ஸ் அச்சம் பரவிய 1990களில் கல்லையும் வாரையும் எடுத்துவைத்தவர் மீண்டும் எடுக்கவில்லை. அதில் தவறில்லை, வாடிக்கையாளரின் உயிர் கைத்திறனைவிடப் பெரிது. “வீட்டுல சொல்லிட்டீங்களா?” என்று மட்டும் கேட்டார்.

சொல்லவில்லை. நான்காம் வாரத்தில் முன்கை மயிர் ஓசையின்றி அறுபட்ட இரவில்தான் மாணவர் தந்தைக்குத் தொலைபேசியில் சொன்னார். மறுமுனை நெடுநேரம் பேசவில்லை. தொடர்பு அறுந்துவிட்டதோ என்று அவர் திரையைப் பார்த்தார், அறுபடவில்லை.

பிறகு தந்தை கேட்டார்: “வாரைத் தொய்யவிடாம இழுத்துப் பிடிக்கிறியா?”

அவருக்கு அது தெரிந்திருந்தது. நாற்பது ஆண்டுகளாகத் தெரிந்திருந்தது.