பத்து மில்லி செகண்ட்

2015 டிசம்பர் 1 இரவு சென்னையில் எங்கள் சர்வர் அறை நனையவே இல்லை. அது இரண்டாவது மாடி. தண்ணீர் புகுந்தது கீழ்த்தளத்தில், ஜெனரேட்டர் இருந்த இடத்தில். யூபிஎஸ் தாங்கிய வரைக்கும் ஓடியது. பிறகு எல்லாம் அடங்கிவிட்டது.

முந்தைய மாதம்தான் மேலாளர் முன்னால் ஒரு வித்தை காட்டியிருந்தேன். பில் வசூல் செய்யும் நிறுவனம் அது. இரண்டு டேட்டாபேஸ் சர்வர்கள், இரண்டுக்கும் பொதுவாக ஒரு ஸ்டோரேஜ் பெட்டி. ஒரு சர்வரின் மின்கம்பியைப் பிடுங்கினேன். அரை நிமிடத்தில் இன்னொன்று வேலையை எடுத்துக்கொண்டது. கைதட்டினார்கள். இரண்டு மாடும் ஒரே தொட்டியில்தானே குடிக்கின்றன என்று யாரும் கேட்கவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

நாலு நாள் கழித்து மின்சாரம் வந்தது. மேலாளரும் வந்தார். "ஒரு சர்வரை மும்பைல வெச்சிருங்க. ரெண்டும் ஒரே டிஸ்க்கைப் பாக்கட்டும். ஒரு ரசீதுகூடத் தொலையக் கூடாது."

கேட்க நன்றாகத்தான் இருந்தது. உட்கார்ந்து கணக்குப் போட்டேன். கண்ணாடி இழைக்குள் ஒளி செகண்டுக்கு ஏறக்குறைய 2 லட்சம் கிலோமீட்டர் போகும். 100 கிலோமீட்டர் போய்த் திரும்ப ஒரு மில்லி செகண்ட். மும்பை நேர்கோட்டிலேயே 1,000 கிலோமீட்டருக்கு மேல். ஆக, குறைந்தது 10 மில்லி செகண்ட். கேபிள் நேர்கோட்டில் போவதும் இல்லை. இருபது வந்தாலும் ஆச்சரியமில்லை.

பக்கத்து அலமாரியில் இருக்கும் ஸ்டோரேஜ் ஒரு சின்னப் பதிவை ஒரு மில்லி செகண்டுக்குள் எழுதி முடித்துவிடும். ஒவ்வொன்றுக்கும் மும்பை 'சரி' சொல்லக் காத்திருந்தால், ஒரே வரியைத் தொட வேண்டிய பரிவர்த்தனைகள் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் நகரும். செகண்டுக்கு நூறைத் தாண்டாது. எங்கள் அன்றாட வசூல் மொத்தம் அப்படி ஒற்றை வரி. மாதக் கடைசியில் செகண்டுக்கு 150 ரசீது. எவ்வளவு பெரிய சர்வர் வாங்கினாலும் இது மாறாது. காசு கொடுத்து ஒளியை விரட்ட முடியாது.

எனக்கு அதைவிடப் பயம், கம்பி அறுவது. சாலை தோண்டும் ஜேசிபி ஒன்று போதும். மும்பை செத்துவிட்டது என்று சென்னை நினைக்கும், சென்னை செத்துவிட்டது என்று மும்பை. இரண்டும் தன் இஷ்டத்துக்கு எழுதத் தொடங்கினால் அந்தக் கணக்கை அப்புறம் யாராலும் சேர்க்க முடியாது. ஒரே அறையில் பொது டிஸ்க்தான் பஞ்சாயத்து: ஓட்டுக் கிடைக்காத சர்வர் தானே அணைந்துகொள்ள வேண்டும். இரண்டு இடமானால் ஓட்டுப் போட மூன்றாவது இடம் வேண்டும்.

கடைசியில், ஊருக்குள்ளேயே 20 கிலோமீட்டர் தள்ளி, மேட்டுப் பகுதியில் ஒரு கட்டடம் பார்த்தோம். இரண்டாவது சர்வரும் ஸ்டோரேஜின் உடனுக்குடன் நகலும் அங்கே. மும்பைக்கு ஒரு நகல் பின்னாலேயே போகும். சென்னை அதற்குக் காத்திருக்காது. மூன்றாவது ஓட்டும் மும்பைக்கே. ஓட்டுப் போடத் தூரம் பரவாயில்லை, எழுதத்தான் ஆகாது.

ஆனால் ஊரே மூழ்கினால் கடைசி சில செகண்டுகள் போய்விடும். கூட்டத்தில் இதைச் சொன்னபோது கணக்குப் பிரிவு மேடம் நிமிர்ந்தார்.

"எத்தனை செகண்ட், தம்பி?"

"அஞ்சு வெச்சுக்கலாம் மேடம்."

"மாசக் கடைசியில 750 பேர். அவங்க கைல ரசீது இருக்கும், நம்மகிட்ட இருக்காது. அப்படித்தானே?"

"ஆமா மேடம்."

"அப்ப ரசீதோட வந்தா நம்பணும்னு எழுதி வாங்கிடுங்க."

ஆவணத்தின் கடைசிப் பக்கத்தில் அந்த வரியைச் சேர்த்தேன். மற்ற பக்கங்களில் மேலாளர் அன்றைக்கே கையெழுத்துப் போட்டார். அந்தப் பக்கத்துக்கு இரண்டு வாரம் ஆனது.