மஞ்சள் லைட் சொல்வது

கல்முனையில் டயர் கடையொன்றில் வேலை பழகுகிறேன். பஞ்சர் ஒட்டுவதும் வீல் பாலன்ஸ் பார்ப்பதும் கைக்கு வந்துவிட்டன. இப்போது பாஸ் பழக்கித் தருவது மீட்டரில் எரியும் ஒரு மஞ்சள் லைட்டைப் பற்றி: அடி சப்பிய சட்டி போன்ற அடையாளம், நடுவில் ஆச்சரியக்குறி. டயரில் காற்று குறைவு என்பது அதன் பொருள்.

இலங்கையில் 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கும் திறந்துவிடப்பட்டது. ஜப்பானின் பனிப் பிரதேசங்களில் ஓடிய ரீகண்டிஷன் கார்கள் சில, பனிக்கால டயரோடேயே வந்து இறங்கும். குளிரில் இறுகாமலிருக்கச் செய்த மென்மையான ரப்பர் அது; நம் வெயிலில் சீக்கிரம் தேயும். வாங்கியவர் டயரை மாற்றுவார், சிலர் புது அலோய் ரிம்மும் போடுவார்கள். லைட் எரியத் தொடங்கும்.

"பாஸ், இந்த லைட்ட நிப்பாட்டித் தாங்க" என்பார்கள். பாஸ் என் பக்கம் திரும்புவார்: "முதல்ல கேஜ எடு மனே. காத்து எவ்வளவு எண்டு பாரு."

டயர் ஆறியிருக்கும்போதுதான் அளக்க வேண்டும். சாரதிப் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஸ்டிக்கர் இருக்கும். 230 கிலோபாஸ்கல் என்றிருந்தால் நம் கேஜில் ஏறத்தாழ 33 பிஎஸ்ஐ. ஸ்பெயாரையும் சேர்த்து அளந்து, வால்வில் சோப்புத் தண்ணீர் விட்டுக் குமிழ் வருகிறதா என்று பார்த்த பிறகே மற்ற வேலை.

அடுத்து, கார் எந்த வகை என்று அறிய வேண்டும். ஒரு வகையில் டயருக்குள் எதுவும் இல்லை. காற்றுக் குறைந்த சக்கரத்தின் சுற்றளவு சற்றுச் சுருங்குவதால் அது மற்றவற்றைவிட வேகமாகச் சுழலும்; ஏபிஎஸ் சென்சர் அதைக் கண்டுபிடிக்கும். டயர் மாற்றினால் இதற்கு ரீசெட் கொடுக்க வேண்டும். ஆனால் நான்கிலும் காற்றைச் சரியாக்கிய பிறகே அந்த பட்டனில் கை வைக்கலாம். குறைந்த காற்றில் அமத்தினால், கார் அந்தக் குறைவையே சரியான அளவாக எடுத்துக்கொள்ளும். லைட் அணைந்துவிடும், ஆபத்து அப்படியே இருக்கும்.

இன்னொரு வகையில் ஒவ்வொரு வால்வின் அடியிலும் சிறு சென்சர் உண்டு. அதன் பற்றரி 5 முதல் 10 வருடம் வரை உழைக்கும். தீர்ந்தால் பெரும்பாலும் சென்சரையே மாற்ற வேண்டியதுதான். பழைய ரிம்மைக் கழற்றி வைத்தால் சென்சரும் அதோடு வீட்டு மூலையில் கிடக்கும். பல கார்களில் அப்போது லைட் ஒரு நிமிடமளவு மினுங்கிப் பின் நின்று எரியும். மினுங்காமல் எரிந்தால் காற்றுக் குறைவு, மினுங்கினால் சென்சர் கோளாறு. புது சென்சர் போடும்போது அலைவரிசையும் பொருந்த வேண்டும்: ஜப்பான் கார்களில் பெரும்பாலும் 315 மெகாஹேர்ட்ஸ், ஐரோப்பிய கார்களில் 433. பிறகு ஸ்கேனரால் அதன் எண்ணைக் காரில் பதிய வேண்டும்.

இந்த வகை டயரைக் கழற்றும்போது மெஷினின் தகட்டை வால்வுக்குக் கிட்டே கொண்டுபோகக் கூடாது. ஒரே அழுத்தில் சென்சர் உடையும். எங்கள் ஊர் கடற்கரையோரம். அலுமினிய வால்வுக்குள் வெறும் பித்தளை ஊசியைப் போட்டால் உப்புக் காற்றில் அரித்து இறுகிவிடும். நிக்கல் பூசிய ஊசிதான் போட வேண்டும். பாஸ் ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்து நிறம் பார்த்துத்தான் தருவார்.

அமெரிக்காவில் ஃபயர்ஸ்டோன் டயர்கள் பிய்ந்து ஃபோர்ட் எக்ஸ்ப்ளோரர் வாகனங்கள் உருண்டு பலர் இறந்தபின், 2000இல் வந்த சட்டமே இந்த லைட்டைப் புது வாகனங்களில் கட்டாயமாக்க வழிசெய்தது. காற்றுக் குறைந்த டயரின் பக்கச்சுவர் மடிந்து மடிந்து சூடேறும். பாரமும் வேகமும் சேர்ந்தால் வெடிக்கும். கட்டாரிலிருந்து வருபவரைக் கூட்டிவர, குடும்பத்தோடு ராவோடு ராவாகக் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு ஓடும் ஊர் இது. சாமான்களோடு திரும்பும் அந்தப் பாரம் நான்கு டயரில்தான் நிற்கிறது.

அதனால் கடைக்கு வருபவர்களிடம் நானும் இப்போது சொல்கிறேன்: ரிம் மாற்றினால் பழைய சென்சரைத் தூக்கி எறியாதீர்கள், புது ரிம்முக்குப் பொருந்துமா என்று கேளுங்கள். லைட்டை டேப் ஒட்டி மறைக்காதீர்கள். தூரப் பயணம் போகும் நாளில், எரிந்தாலும் எரியாவிட்டாலும், புறப்படுமுன் காற்றைப் பாருங்கள்.