ஆள் இருக்காங்களா, இல்லையா?

"என்னப்பா வேலை பாக்குறே?" என்று ஊரில் யாராவது கேட்டால் பதில் சொல்வதற்குள் மூச்சு வாங்கிவிடும். குர்காவ் (2016-இல் குருகிராம் ஆகிவிட்டது, எங்கள் வாய்தான் இன்னும் பழகவில்லை) பக்கம் பெரிய அலுவலகக் கட்டடங்களில் விளக்குகள் தானாக எரியவும் அணையவும் கன்ட்ரோல் சிஸ்டம் போட்டுக் கொடுப்பதுதான் நம் பிழைப்பு. தங்கமணி ஒரே வரியில் சொல்லிவிடுவார்: "லைட்டை அணைக்கிற வேலை. வீட்ல மட்டும் அணைக்க மாட்டார்."

சிரிக்காதீர்கள், இதில் காசு இருக்கிறது. ஒரு மாடியில் 36 வாட் எல்.இ.டி. பேனல் 300 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 10.8 கிலோவாட். எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகு தினமும் 4 மணி நேரம் சும்மா எரிந்தால் 43 யூனிட் சொச்சம். மாதம் 25 நாளுக்கு 1,080 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்றால் 8,640 ரூபாய். இது ஒரு மாடிக்கு. பத்து மாடிக்கு நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். விளக்கின் சூடும் அறைக்குள்தான் இறங்குகிறது. அதை வெளியேற்ற ஏ.சி. தின்னும் கரண்ட் தனிக் கணக்கு.

அதனால்தான் 2001-இல் வந்த எரிசக்தி சேமிப்புச் சட்டத்தின் கீழ், 2007-இல் கட்டடங்களுக்கென்று ஈ.சி.பி.சி. என்ற விதித்தொகுப்பு வந்தது. 2017-இல் அதைத் திருத்தினார்கள். பெரிய வணிகக் கட்டடங்களில் ஆளில்லாதபோது விளக்கு தானாக அணைய ஏற்பாடு வேண்டும் என்பது அதில் உண்டு. மாநில அரசு ஏற்று அறிவித்தால்தான் செல்லுபடியாகும் என்பது வேறு விஷயம்.

நிற்க. கூரையில் வெள்ளையாக, பாதி முட்டை மாதிரி ஒன்று இருக்குமே, அதுதான் சென்சார். பெரும்பாலும் பி.ஐ.ஆர். வகை. அதற்கு மனுசனைத் தெரியாது, நகரும் உடல் சூடு மட்டும்தான் தெரியும். நீங்கள் அசையாமல் உட்கார்ந்து ஆணி பிடுங்கிக்கொண்டிருந்தால் "ஆள் இல்லை" என்று முடிவு கட்டிவிடும். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் பார்க்காது. கழிப்பறைக் கதவுக்குப் பின்னாலும் பார்க்காது (அனுபவப்பட்டவர்களுக்குப் புரியும் :-)). அதனால் கடைசி அசைவுக்குப் பிறகு எத்தனை நிமிடம் பொறுக்க வேண்டும் என்று நாம்தான் அதற்குச் சொல்லி வைக்க வேண்டும். எங்கள் தொழிலில் பாதி சூட்சுமம் அந்த நிமிடக் கணக்கில்தான்.

போன குளிர்காலத்தில் ஒரு கட்டடம். பெயர் வேண்டாம். நாங்கள் 15 நிமிடம் வைத்துக் கொடுத்திருந்தோம். மாதச் சேமிப்பு ரிப்போர்ட்டில் எண் போதவில்லை என்று அவர்களே எல்லா இடத்திலும் 5 நிமிடமாக்கிவிட்டார்கள், பின்பக்கப் படிக்கட்டு உட்பட. இரவு ஷிஃப்டில் அங்கே படி துடைப்பவர் பிகாரிலிருந்து வந்த ஒரு அம்மா. நம்மைப் போலவே ஊர் விட்டு வந்தவர். என்னை 'பையா' என்பார், நான் 'தீதி' என்பேன். நடுப்படியில் குனிந்து தேய்த்துக்கொண்டிருந்தவர், லாண்டிங் கூரையில் இருக்கும் சென்சாரின் பார்வையிலேயே இல்லை. திடீர் இருட்டு, ஈரப்படி. வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்தது.

மறுநாள் ரிப்போர்ட்டில் காரணம் என்ற இடத்தில் ஒரே வார்த்தை: 'கவனக்குறைவு'. கான்ட்ராக்டர் வேறு ஆளைப் போட்டுவிட்டார்.

எங்கள் சிஸ்டம் விளக்கு அணைவதையும் எரிவதையும் நேரத்தோடு பதிந்து வைக்கும். எடுத்துப் பார்த்தேன். அந்தப் படிக்கட்டு 2:10-க்கு அணைந்திருக்கிறது. சத்தம் கேட்டு செக்யூரிட்டி ஓடிவந்தபோது, 2:11-க்கு, மறுபடி எரிந்திருக்கிறது.

பிரின்ட் எடுத்துக்கொண்டு மேனேஜரிடம் போனேன். "எனர்ஜி டார்கெட் என்ன ஆவது?" என்றார். கணக்குப் போட்டுக் காட்டினேன். அந்தப் படிக்கட்டில் 18 வாட் விளக்கு 40, மொத்தம் 720 வாட். முழுதாக அணைக்காமல் 30 சதவீதத்தில் மங்கலாக விட்டால் ஏறத்தாழ 216 வாட். பத்து மணி நேர இரவுக்கு 2.16 யூனிட். 17 ரூபாய் சொச்சம். "சார், கீழே போய் ரெண்டு டீ குடிச்சா இதைவிட ஆகும்" என்றேன்.

மனிதர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கையெழுத்துப் போட்டார். படிக்கட்டு இனி முழுதாக அணையாது. மற்ற இடங்கள் பழையபடி 15 நிமிடம். ரிப்போர்ட்டில் அந்த வார்த்தையையும் அடிக்க வைத்தேன். ஆறு வாரம் கழித்து தீதி வேலைக்குத் திரும்பினார். அந்த ஆறு வாரச் சம்பளத்துக்கு மட்டும் எவ்வளவு நடந்தும் வழி பிறக்கவில்லை.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. 5 நிமிடம் வைத்திருந்த இரண்டு மாடிகளில் ஆட்கள் கடுப்பாகி, எலக்ட்ரீஷியனைப் பிடித்து சென்சாரையே பைபாஸ் செய்திருந்தார்கள். அங்கே விடிய விடிய எரிந்துகொண்டிருந்தது! ஆளை இருட்டில் தள்ளுகிற சேமிப்பு கடைசியில் மீட்டரிலும் நிற்பதில்லை.

உங்கள் ஆபீஸில் விளக்கு பட்டென்று அணைந்தால் கையை ஆட்டிவிட்டு மறந்துவிடாதீர்கள். எந்த இடம், எத்தனை மணி என்று குறித்து ஃபெசிலிட்டி ஆட்களிடம் கொடுங்கள். நிமிடக் கணக்கை மாற்றுவது பெரிய வேலை இல்லை. அப்படியே இரவில் படி துடைப்பவர்களிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். டிக்கெட் போட அவர்களுக்கு லாகின் கிடையாது.