நெய்க்கிண்ணமும் சர்க்கார் சட்டமும்

“உண்ணும் சோற்றிலுமா சர்க்கார் கை வைக்க வேண்டும்?” என்று கேட்போர் நம்மவரில் அநேகர். ரொட்டி சானாயில் இத்தனை எண்ணெய், தேங்காய்ப்பாலில் இத்தனை கொழுப்பு என்று அதிகாரிகள் கணக்கெடுக்கத் தொடங்கினால், பாட்டன் காலந்தொட்டு வந்த ருசி என்னாவது என்பது அவர்கள் கவலை. அக்கேள்வியை நாம் இகழ்வதற்கில்லை. ஏனெனில், யாதொரு சட்டமும் இல்லாமலே ஒரு வீட்டின் அடுப்படிக்கு நாமே சர்க்காராக இருந்து, தவறாக ஆண்டு, அதனால் தலைகுனிந்தவர் நாம்.

ஜோகூரில் ஒரு செம்பனைத் தோட்டத்துக் காரியாலயத்தில் நாம் கிராணி. பிறந்து வளர்ந்ததும் அதே தோட்டத்து லயத்தில்தான். தாய்மாமன் தயவால் ஜோகூர் பாருவில் தங்கி, நாள்தோறும் பாலம் கடந்து, சிங்கப்பூரில் ஆங்கிலக் கல்வி பெற்றோம். 2006ஆம் ஆண்டில், பள்ளி இறுதி வகுப்பில் நாம் இருந்தபோது, குலை வெட்டும் வேலையிலிருந்த நம் தந்தையாருக்கு மாரடைப்பு கண்டது. உயிர் தப்பினார். நெய்யும் தேங்காய்ப்பாலும் குறைய வேண்டும் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார்.

அவர் சொன்னது ‘குறைக்க வேண்டும்’ என்றே. அதை ‘ஒழிக்க வேண்டும்’ என்று மாற்றியவர் நாம். லயத்துக்குப் பின்னால் கட்டியிருந்த பசுவின் வெண்ணெயை உருக்கி, முருங்கையிலை போட்டு இறக்கி, ஒரு சிறு கிண்ணத்தில் நம் தாயார் வைத்திருப்பார். அக்கிண்ணத்தை அன்றே கழுவிக் கவிழ்க்கச் செய்தோம். அதற்குப் பதிலாகப் பட்டணத்துக் கடையிலிருந்து தாவர நெய் டின் ஒன்று வாங்கி வந்தோம். கொலஸ்ட்ரால் இல்லாதது என்று அதன் மேல் பெரிய எழுத்தில் ஆங்கிலத்தில் பொறித்திருந்தது. வீட்டில் அதைப் படிக்கத் தெரிந்தவர் நாம் ஒருவரே.

தாயார் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, “இது எதிலிருந்து எடுத்தது, தம்பி?” என்றார்.

“எண்ணெயிலிருந்துதான், அம்மா. படித்தவர்கள் சாப்பிடுவது.”

“எண்ணெய் எப்படியப்பா இப்படிக் கட்டியாய் நிற்கும்?”

அன்பர்களே, இக்கேள்விக்கு விடை நமக்குத் தெரியும். நிக்கல் உலோகத்தின் துணையால் எண்ணெயில் ஹைட்ரஜனை ஏற்றிக் கெட்டியாக்கும் முறையை இரசாயனப் பாடத்தில் நெட்டுருப் போட்டு ஒப்பித்தவர் நாம். அந்த முறையை அரைகுறையாகச் செய்தால் ‘டிரான்ஸ்’ என்னும் கொழுப்பு உண்டாகும். அஃது இரத்தத்தில் கெட்ட கொலஸ்ட்ராலை ஏற்றி, நல்லதைக் குறைக்கும் என்று ஹாலந்து தேசத்து ஆராய்ச்சியாளர் 1990ஆம் ஆண்டிலேயே எழுதிவிட்டனர். அது நம் பாடத்தில் இல்லை. டின்னின் பின்புறத்தில், பாதி ஹைட்ரஜன் ஏற்றிய எண்ணெய் என்று எறும்பு போன்ற எழுத்தில் இருந்தது. அதைப் பார்த்தும் பொருள் உணராதிருந்தோம். படிக்காத தாயார் சரியான கேள்வியைக் கேட்டார். படித்த மகன், “உங்களுக்கு ஒன்றும் தெரியாது” என்று பதில் சொன்னான்.

அதன்பின் நடந்தது இன்னும் வருந்தத்தக்கது. நெய்யாக இருந்தபோது கரண்டி நுனியில் அளந்து ஊற்றிய அதே கை, தீங்கற்றது என்று மகன் சான்று கூறியதால், டின்னிலிருந்து தாராளமாக அள்ளிப் போட்டது. தோசைக்கும் அதுவே, பலகாரத்துக்கும் அதுவே. தந்தையார் 2010இல் காலமானார். அந்த டின்தான் அவரைக் கொண்டுபோயிற்று என்று நாம் சொல்ல வரவில்லை. வெயிலும் புகையிலையும் பழைய நோயும் அதில் பங்குள்ளவை. எனினும், அவர் தட்டில் அதை வைத்தது நம் கை என்பதை மறக்க இயலவில்லை.

டென்மார்க் தேசம் தொழிற்சாலையில் உண்டாகும் இந்த டிரான்ஸ் கொழுப்பு, எந்த எண்ணெயிலும் கொழுப்பிலும் நூற்றுக்கு 2 பங்குக்கு மேல் இருக்கலாகாதென 2003ஆம் ஆண்டிலேயே சட்டம் செய்தது. அஃதாவது, நம் வீட்டுக்கு டின் வருவதற்கு மூன்றாண்டு முன்னர். பாதி ஹைட்ரஜன் ஏற்றிய எண்ணெய்களைச் சிங்கப்பூர் அடியோடு தடை செய்தது 2021ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில். அச்செய்தியைக் காரியாலயத்தில் படித்த அன்று, நமக்கு வேலை ஓடவில்லை.

இச்சட்டம் எவருடைய சுதந்திரத்தைப் பறித்தது? ரொட்டி சானாய் போயிற்றா? முறுக்கு மறைந்ததா? யாதொன்றும் போகவில்லை. உண்பவன் கண்ணுக்குத் தெரியாமல், மலிவையும் நீண்டநாள் கெடாமையையும் கருதி உற்பத்தியாளன் சேர்த்த ஒன்றே போயிற்று. அறியாமல் விழுங்குவதை ‘விருப்பம்’ என்று எவ்வாறு சொல்வது?

எனினும், சட்டம் எல்லை மீறினாலும் காரியம் கெடும். அதே டென்மார்க், 2011ஆம் ஆண்டு அக்டோபரில் வெண்ணெய், பாலாடைக்கட்டி முதலிய நிறைகொழுப்புப் பண்டங்களுக்கெல்லாம் வரி போட்டது. ஜனங்கள் எல்லை தாண்டி ஜெர்மனிக்குப் போய் வெண்ணெய் வாங்கி வந்தார்கள். 2013ஆம் ஆண்டு பிறந்ததும் வரி எடுபட்டது. எல்லை தாண்டிச் சாமான் வாங்குவதன் சூட்சுமம் ஜோகூர்வாசிகளாகிய நமக்கு எவரும் சொல்லித் தர வேண்டியதில்லை! கண்ணுக்குத் தெரிந்து, மனமறிந்து உண்ணும் நெய்யை அதிகாரத்தால் பிடுங்க இயலாது. அறிவால்தான் அளவுபடுத்த இயலும்.

இவ்விடத்தில் நம் பிழைப்பைப் பற்றியும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். ஹைட்ரஜன் ஏற்றிய எண்ணெய் ஒழிந்த இடங்களில் பலவற்றில் புகுந்தது நமது செம்பனை எண்ணெயே. அது இயற்கையாகவே பாதி கட்டியாக நிற்கக்கூடியது. அதனால் தோட்டத்துக்கு லாபம், நமக்குச் சம்பளம். ஆனால் அதிலும் ஏறக்குறையப் பாதி நிறைகொழுப்பே. அந்த எண்ணெயை ஒரு கிலோ பையில் இரண்டரை வெள்ளிக்கு விற்க, மலேசிய சர்க்கார் பல்லாண்டாக மானியம் கொடுத்து வந்திருக்கிறது. ஏழைக்கு அஃது உதவியே, மறுக்கவில்லை. ஆனால், “சோற்றில் சர்க்கார் கை வைக்கலாமா?” என்று கேட்போர் ஒன்றை உணர வேண்டும். அந்தக் கை முன்னமே நம் வாணலியில் இருக்கிறது. எது மலிவோ அதுவே ஏழையின் ‘விருப்பம்’ ஆகிறது. 2023ஆம் ஆண்டுத் தேசிய சுகாதார ஆய்வின்படி, இந்நாட்டில் வயது வந்தோரில் மூவரில் ஒருவருக்கு இரத்தத்தில் கொலஸ்ட்ரால் மிகுதி. எண்ணெய்க்கு மானியம் உண்டெனில், பருப்புக்கும் கீரைக்கும் பழத்துக்கும் ஏன் ஒரு வழி காணலாகாது?

ஆகவே நம் அபிப்பிராயம் இது. மறைந்து வரும் தீங்கைச் சட்டம் தடுக்கட்டும். தெரிந்து உண்பதை மனிதன் தானே அளந்து உண்ணட்டும். அளப்பதற்கு வேண்டிய அறிவு அவனுக்குப் புரியும் பாஷையில் கிடைக்கட்டும். நல்லது மலிவாகட்டும். நம்மைப் போன்று நாலெழுத்துப் படித்த கிராணிகளுக்கும் ஒரு கடமையுண்டு. கடைச் சாமானின் முன்புறத்துப் பெரிய எழுத்தை மட்டுமன்றிப் பின்புறத்துச் சின்ன எழுத்தையும் படித்து, லயத்துப் பெண்மக்களுக்குத் தமிழில் எடுத்துரைக்க வேண்டும். அவர்கள் கேள்வி கேட்டால் வாயடைக்காமல் விடை தேட வேண்டும்.

சென்ற பொங்கலன்று தாயாரிடம் அந்தப் பழைய கிண்ணத்தை எடுக்கச் சொன்னோம். பசு இப்போது இல்லை, கடை நெய்தான். பானையில் ஒரு கரண்டி விட்டு நிறுத்திவிட்டு, “போதுமா, தம்பி?” என்றார். எது போதும் என்று அவருக்கு எக்காலமும் தெரிந்தே இருந்தது. “நீங்கள் சொல்லுங்கள், அம்மா” என்றோம்.